மேடையோரம் நிற்பவர் சரியாகத்தான் சொல்கிறாரா?

தையற்காரர் சட்டையைத் தப்பாக வெட்டினால் போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும். குழாய் ரிப்பேர் செய்தவர் ஏமாற்றினால் இரவுக்குள் சமையலறையில் தண்ணீர் தேங்கிவிடும். சைகை மொழிபெயர்ப்பாளரை அழைத்துக் கூலி கொடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. விழா நடத்துகிறவர், நீதிபதி, டாக்டர், காவல் ஆய்வாளர் என யாராக இருந்தாலும் அவருக்குச் சைகை மொழி தெரியாது. தெரியாததால்தான் ஆளையே அழைத்திருக்கிறார். கை அசைகிறது, முகம் மாறுகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் காது கேளாதவருக்கும் பாதிதான் தெரியும். தன் கண்ணுக்கு வந்தது புரிகிறதா என்பதை அவர் அறிவார். வாயால் உண்மையில் என்ன பேசப்பட்டது என்பதை அறிய மாட்டார். இரு கரைகளையும் ஒருசேரப் பார்க்கிற ஒரே ஆள், நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். அவரைச் சோதிக்க அங்கே யாருமில்லை.

இந்தத் தொழிலுக்கான பயிற்சி, ஒழுக்க விதிகள், சச்சரவுகள் எல்லாம் கடைசியில் இந்த முடிச்சுக்குத்தான் வந்து சேர்கின்றன.

2013 டிசம்பர் 10 அன்று ஜோகன்னஸ்பர்க் மைதானத்தில் நெல்சன் மண்டேலாவுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அமெரிக்க அதிபர் ஒபாமா பேசும்போது அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் கைகளை அசைத்துக்கொண்டே இருந்தார். உலகமே பார்த்தது. காது கேட்பவர்களுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. சைகை மொழி தெரிந்தவர்களோ தலையில் கை வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த அசைவுகளுக்குப் பொருளே இல்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆளின் துணிச்சல் இல்லை. முந்தைய அரசியல் நிகழ்ச்சிகளிலும் அவர் இப்படி நின்றிருக்கிறார், காது கேளாதோர் தரப்பிலிருந்து அப்போதே முறையீடு எழுந்திருக்கிறது. கேட்டுக்கொள்ள ஆளில்லை. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் இர்மா புயல் நெருங்கியபோது, ஓர் உள்ளாட்சி நிர்வாகம் அவசர அறிவிப்பைச் சைகையில் சொல்லத் தன் ஊழியர் ஒருவரை நிறுத்தியது. அவர் கடற்கரை உயிர்காப்பாளர். உடன்பிறந்தவர் ஒருவருக்குக் காது கேளாததால் கொஞ்சம் சைகை பழகியவர். வீட்டை விட்டு வெளியேறச் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் கையிலிருந்து ‘பீட்சா’, ‘கரடி’, ‘பூதம்’ எல்லாம் வந்தன. முதலாமவர் மோசடிக்காரர், இரண்டாமவர் நல்ல மனிதர். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த காது கேளாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

‘கொஞ்சம் சைகை தெரியும்’ என்பதற்கும் மொழிபெயர்ப்புக்கும் இடையிலுள்ள தூரம் புரிய, முதலில் மொழி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். சைகை மொழி என்பது தமிழையோ ஆங்கிலத்தையோ கையால் எழுதிக் காட்டுவது இல்லை. உலகம் முழுதுக்கும் ஒன்று என்பதும் தவறு. பேச்சில் ஒரே ஆங்கிலம் பேசும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் சைகை மொழி வேறு வேறு. ஒருவருக்கு மற்றவரின் சைகை புரியாது. இந்தியச் சைகை மொழி, பிரிட்டனைப் போல, எழுத்துகளை இரண்டு கைகளாலும் காட்டும். அமெரிக்கர்களுக்கு ஒரு கை போதும். ஆனால் எழுத்துக் காட்டுவது பெயர்களுக்கும் கலைச்சொற்களுக்கும்தான். மொழியின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மீசையைத் தொட்டால் ஆண். மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் பெண். புருவம் ஏறினால் வாக்கியம் கேள்வியாகிவிடும். முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் வலப்பக்கம் அக்காவையும் இடப்பக்கம் வங்கியையும் ‘வைத்துவிட்டால்’, அதன் பிறகு யார் யாரிடம் கொடுத்தார், யார் திருப்பிக் கேட்டார் என்பதெல்லாம் கை நகரும் திசையிலேயே தெரிந்துவிடும்.

தமிழருக்கு இதில் ஒரு சின்ன அனுகூலம் உண்டு. ‘உன் பெயர் என்ன’ என்பதை இந்தியச் சைகை மொழியில் உன், பெயர், என்ன என்ற அதே வரிசையில்தான் கேட்பார்கள். கேள்விச்சொல் கடைசியில் வரும். ‘இல்லை’ என்பதும் கடைசியில் வரும். ஆங்கிலம் வழியாகச் சைகை படிப்பவர்கள் தலைகீழாக நின்று பழகும் வரிசை, நமக்கு வீட்டுத் திண்ணை மாதிரி.

நம் நாட்டில் இந்த மொழி வளர்ந்த இடம் வகுப்பறை என்று சொல்ல முடியாது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத குழந்தைகளை வாயசைவைப் படித்துப் பேச வைப்பதே சரி, சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் இந்தியப் பள்ளிகள் மேலும் நெடுங்காலம் விழுந்தது. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. மும்பை, கொல்கத்தா பள்ளிகளும் அந்தக் காலத்தவையே. ஆனால் பொதுவாக நாடெங்கும் ஆசிரியர் வாயைப் பார்க்கச் சொன்ன நேரம் போக, விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கியதுதான் மொழியாக நின்றது. அதனால் கிழமைகள், நிறங்கள், உறவுமுறைகள் போன்றவற்றுக்கு ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சைகை மாறும். அகராதியில் பத்தாயிரம் சொல் இருந்தாலும் எதிரில் இருப்பவர் எந்தப் பள்ளி விடுதியில் வளர்ந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இன்றும் மொழிபெயர்ப்பாளரின் முதல் வேலை.

அந்தப் பத்தாயிரம் சொல் அகராதியை வெளியிட்டது புது டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம். 2015இல் தன்னாட்சி அமைப்பாக நிறுவப்பட்டது; 2018இல் 3,000 சொற்களுடன் முதல் பதிப்பு, 2021இல் 10,000 சொற்களுடன் மூன்றாம் பதிப்பு. மொழிபெயர்ப்புத் தொழிலுக்கென்று இருக்கும் முறையான படிப்பு, இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம். டெல்லி மையத்திலும், மும்பை அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்திலும், திருவனந்தபுரத்திலும், கோயம்புத்தூர் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலும் இதற்கான பயிற்சி வளர்ந்திருக்கிறது. சைகை மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குத் தனி டிப்ளமோ உண்டு. அது காது கேளாதவர்களுக்கானது. இந்தப் பிரிவினை சரியானது என்பேன். தாய்மொழியாக அதில் வாழ்கிறவர் கற்றுக்கொடுக்க, காது கேட்பவர் கற்றுக்கொண்டு நடுவில் நிற்கப் பழகுகிறார். ஆரம்பத்தில் சொன்ன முடிச்சை அவிழ்க்க இருக்கும் சில வழிகளில் இதுவும் ஒன்று: மாணவரின் கை தப்பினால் சிரிக்கவோ முகம் சுளிக்கவோ வகுப்பிலேயே ஆள் இருக்கிறார்.

படிப்பில் சேர்பவர்கள் பெரும்பாலும் கையைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். சில மாதங்களில் கை பழகிவிடும். பயப்பட வேண்டியது காதுக்கும் கண்ணுக்கும்தான்.

காதை எடுத்துக்கொள்வோம். சாட்சி ஒருவர் தமிழில் இப்படிச் சொல்கிறார்: “இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று என்னிடம் சொன்னது அவருடைய தம்பி.” எழுத்தில் இது சாதாரண வாக்கியம். சைகையில் வேறொருவர் பேச்சைச் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர் தோளைத் திருப்பி, அந்த ஆளாகவே மாறி, அவர் கோபத்தையும் முகத்தில் ஏற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அந்த ஆள் யாரென்று முதலில் தெரிய வேண்டும். தமிழிலோ ‘தம்பி’ கடைசியில் வருகிறார். எட்டுச் சொற்களை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, கையை அடக்கிக்கொண்டு, தம்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் சாட்சி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியிருப்பார். இப்படிப் பேச்சுக்குப் பின்னால் சற்றுத் தங்கி வருவது தாமதம் இல்லை, அதுதான் வித்தை. புதியவர்கள் பயத்தில் பேச்சோடு ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். வேகமாகத் தெரியும், பொருள் சிதறியிருக்கும். “பணம் கொடுத்ததாக நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை” என்பதில் ‘இல்லை’ வரும் முன்பே ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசுவது நமக்குப் பழக்கம்: ‘கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டுவிட்டேன்.’ யார் சொன்னார்? ‘மாமா வந்திருந்தார்’ என்றால் தாயின் தம்பியா, மாமனாரா, தெருவில் எல்லோரும் மாமா என்று அழைக்கும் பெரியவரா? தெரியவில்லை என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். நீதிபதி முறைத்தாலும் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு ஊகித்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளரைவிட அடிக்கடி நிறுத்தும் மொழிபெயர்ப்பாளர் மேல்.

அடுத்து கண். கையால் சொல்வதைவிடக் கையைப் படித்துக் குரலில் சொல்வதுதான் பலருக்கும் கடினம். இங்கே தவறினால் பழி மொழிபெயர்ப்பாளர் மேல் விழாது. ஒரு பொறியியல் பட்டதாரி, காது கேளாதவர், வேலைக்கான நேர்முகத் தேர்வில் தான் செய்த வேலையைத் தெளிவாக, நகைச்சுவையோடு விளக்குகிறார். மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி பிடிபடவில்லை. “அது வந்து... ஒரு மெஷின்... அதை நான் சரி செய்தேன்” என்று திக்கித் திணறிச் சொல்கிறார். தேர்வுக் குழுவின் காதில் விழுவது அந்தத் திணறல் மட்டும். அவர்கள் மனத்தில் பதிவது: இந்தப் பையனுக்கு விஷயம் போதாது. அவருக்கு வேலை கிடைக்காது, ஏன் என்றும் தெரியாது.

2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த, காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வின் முன் காணொளி வழியே ஆஜரானார். திரையில் அவருடைய மொழிபெயர்ப்பாளர் இன்னொரு கட்டத்துக்குள் நின்றார். அடுத்த மாதமே நீதிமன்றம் தன் செலவில் அவருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது. முதல் நாளன்று அரசின் சொலிசிட்டர் ஜெனரல் மொழிபெயர்ப்பாளரின் வேகத்தைக் கண்டு வியந்ததாகச் செய்திகள் வந்தன. வியப்பு நியாயமானதே. ஆனால் காது கேட்பவர் கண்ணுக்குத் தெரிவது வேகம் மட்டும்தான் என்பதையும் அந்தப் பாராட்டு காட்டிவிடுகிறது. சரியா தப்பா என்று அங்கே சொல்லத்தக்கவர் சாரா சன்னி.

நீதிமன்றம் என்று வந்ததால் ராஜஸ்தான் வழக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது அது. கொலை வழக்கு; நேரில் பார்த்த சாட்சி, பேசவும் கேட்கவும் இயலாத ஒரு பெண். அவர் சைகைகளை நீதிமன்றத்துக்கு விளக்கிச் சொன்னவர் அவருடைய தந்தை. 2012இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இரண்டு. மொழிபெயர்ப்பவர் சாட்சியின் சூழலை அறிந்தவராக இருக்க வேண்டும், ஆனால் வழக்கில் அக்கறை உடையவராக இருக்கக் கூடாது, உறுதிமொழி எடுக்க வேண்டும். விளக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டால் போதாது, சாட்சி காட்டிய சைகைகளையும் பதிவு செய்ய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் விடுதலை அப்படியே நின்றது. அந்தப் பெண் என்ன பார்த்தார் என்பது, மகள் சொன்னதாகத் தந்தை சொன்ன வடிவத்தில்தான் தாள்களில் இருக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு இந்திய சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் ‘அல்லது சிறப்புக் கல்வியாளர்’ உதவியோடு பதிவு செய்ய வேண்டும், அதைக் காணொளியாகவும் எடுக்க வேண்டும். அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியமும் 125ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. காணொளி என்பது அருமையான ஏற்பாடு. பின்னால் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் போட்டுப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்த ‘அல்லது’ எனக்கு உறுத்துகிறது. சிறப்புக் கல்வியாளர் வகுப்பறையில் கற்பிக்கப் படித்தவர். தன் பள்ளி மாணவர்களின் சைகை அவருக்குப் பழக்கமாக இருக்கலாம். வாய்பேச்சு முறையில் மட்டும் பயிற்சி பெற்று, சைகையே சரியாகத் தெரியாதவராகவும் இருக்கலாம். பிள்ளைக்கு உதவும் பாசத்தில் பதிலைத் திருத்திக் கொடுப்பது ஆசிரியர் குணம். சாட்சிக் கூண்டில் அதே குணம் வழக்கைக் கெடுக்கும்.

பள்ளிக்கே போகாத, கிராமத்து வீட்டுக்குள் தாய்க்கும் தனக்கும் மட்டும் புரிகிற சைகைகளோடு வளர்ந்தவர் சாட்சியாக வந்தால், டிப்ளமோ பெற்ற மொழிபெயர்ப்பாளரும் கையைப் பிசைவார். அங்கே உதவக்கூடியவர் காது கேளாத மொழிபெயர்ப்பாளர். வீட்டுச் சைகையை அவர் வாங்கி இந்தியச் சைகை மொழியில் தர, பக்கத்திலிருக்கும் காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார். இருவர் வேண்டும், நேரம் பிடிக்கும், செலவாகும். நம் ஊரில் இப்படிச் செய்வது மிக அரிது.

இனி குடும்பம். காது கேளாத தம்பதியின், காது கேட்கும் பிள்ளைகள்தான் இந்நாட்டின் மிகப் பெரிய மொழிபெயர்ப்புப் படை. சம்பளம் இல்லாத படை. ஏழு வயதில் ரேஷன் கடையிலும் பத்து வயதில் வங்கியிலும் நிற்கிறார்கள். அம்மாவுக்குக் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொல்வதை அம்மாவிடம் சொல்ல வேண்டிய வேலையும் அந்தப் பிள்ளைக்கே வரும். இவர்களில் பலர் பின்னாளில் அருமையான மொழிபெயர்ப்பாளர்கள் ஆகிறார்கள், மொழி ரத்தத்தில் இருக்கிறது. என்றாலும் பயிற்சியில் அவர்கள்தான் ஒன்றை மறக்கக் கற்க வேண்டியிருக்கிறது. டாக்டர் பத்து நிமிடம் பேசியதை ‘ஒன்றுமில்லை, மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்’ என்று சுருக்குவதும், அம்மா கோபமாகத் திட்டியதை மரியாதையாக மாற்றிச் சொல்வதும் பாசமுள்ள பிள்ளையின் பழக்கம். மொழிபெயர்ப்பாளர் திட்டினால் திட்டியதாகவே சொல்ல வேண்டும், அதுவும் ‘நான்’ என்று தன்மையிலேயே. “அவர் உங்களை நம்பவில்லை என்கிறார்” என்று சொல்வது விதிப்படி பிழை. “நான் உங்களை நம்பவில்லை” என்பதே சரி. எதிரில் இருக்கும் அதிகாரி சட்டென்று மொழிபெயர்ப்பாளரை முறைப்பார். பழகிக்கொள்ள வேண்டியதுதான். அறையில் கேட்டது அறையோடு போக வேண்டும் என்பதும் சின்ன ஊரில் எளிதில்லை. காது கேளாதோர் சங்கத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் அதே மொழிபெயர்ப்பாளர்.

உடம்பின் கதை வேறு. கேட்டுக்கொண்டே கை பேசும் வேலையில் இருபது, முப்பது நிமிடத்தில் மூளை தேய ஆரம்பிக்கும். தேய்வது அவருக்கே தெரியாது, விட்டுவிடும் சொற்கள் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் நீண்ட நிகழ்ச்சிகளுக்கு இருவர் மாறி மாறிச் செய்வது உலக வழக்கம். ஓய்வில் இருப்பவர் சும்மா இருப்பதில்லை, தவறிய எண்ணையும் பெயரையும் எடுத்துக் கொடுப்பார். விழா அமைப்பாளரிடம் இதைச் சொன்னால் ‘ஒருவர் போதாதா?’ என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது ‘கூட்டத்தில் காது கேளாதவர் நான்கைந்து பேர்தானே?’ என்பது. மொழிபெயர்ப்பு அந்த நான்கைந்து பேருக்கு மட்டும் என்ற நினைப்பில் கேட்கிறார். சைகை தெரியாத மேடைக்கும் அதே அளவு அது தேவை என்று அவருக்குத் தோன்றுவதில்லை. மணிக்கட்டும் தோளும் வலி கண்டு இந்த வேலையை விட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மோதிரம், கண்ணாடி வளையல், பூப்போட்ட சட்டை எதுவும் ஆகாது; தோல் நிறத்துக்கு மாறான ஒற்றை நிறம் வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். டிவி நிலையங்கள் தரும் தபால்தலை அளவுக் கட்டத்தில் புருவம் ஏறியதா இறங்கியதா என்று யாருக்குத் தெரியப்போகிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பு வேண்டும் என்கிறது. கட்டத்தின் அளவை அது சொல்லவில்லை போலிருக்கிறது.

சைகை தெரியாத டாக்டரோ அதிகாரியோ, நடுவில் நிற்பவரைச் சோதிக்க ஒரே ஒரு எளிய வழி இருக்கிறது. ‘புரிந்ததா?’ என்று கேட்டுப் பயனில்லை. காது கேளாதவர்கள் சின்ன வயதிலிருந்தே தலையாட்டப் பழகியவர்கள். தலையாட்டினால்தான் எதிரில் இருப்பவர் எரிச்சல்படாமல் அடுத்ததற்குப் போவார் என்று அனுபவம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஓர் அரசு மருத்துவமனை அறையை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுப் பெண், காது கேளாதவர். டாக்டர் அவருக்குச் சர்க்கரை இருக்கலாம் என்கிறார். மொழிபெயர்ப்பவர் அதை இனிப்பு என்று சொல்லிவிடாமல் நோய் என்று விளக்குகிறார். நாளைக்கு வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கைகள் அசைகின்றன. பெண் தலையாட்டுகிறார். டாக்டர் சீட்டை மடிக்கப் போனவர், ஒரு நொடி நிறுத்தி, மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்: “நாளைக் காலை எழுந்ததும் என்னென்ன செய்வீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்.”

அந்தப் பெண் சொல்கிறார். எழுந்திருப்பேன், பல் துலக்குவேன், காபி குடிப்பேன், எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து இங்கே வருவேன்.

டாக்டர் சீட்டை மறுபடியும் பிரிக்கிறார்.